ஈராற்று நாட்டின் உவர்மண்

ஒரு பேரரசு வீழ்ந்தது என்று வரலாற்று நூல் கூறுமாயின், அதனை வீழ்த்தியவன் யாவன், எந்தப் போரில், எந்த ஆண்டில் என்னும் வினாக்களே நம் மனத்தில் முதலில் எழுகின்றன. அப்பேரரசுக்கு உணவளித்த நிலம் என்னவாயிற்று என்று கேட்போர் மிகச் சிலர். மன்னர்களின் பெயர்களைக் கல்லிற் பொறித்துவைக்கலாம். மண்ணின் நிலையைப் பொறித்துவைப்பார் இல்லை. ஆயினும் மண்ணும் தன் கதையைத் தானே எழுதி வைத்திருக்கின்றது. வரண்ட நாடுகளிலே காலநிலை மாறும்போது மண்ணுக்கும் நீருக்கும் என்ன நேர்கின்றது என்பதை, மிக நீண்டகாலம் உழப்பட்ட சமவெளிகளுள் ஒன்றாகிய மெசொப்பொத்தேமியாவின் வரலாற்றைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

மெசொப்பொத்தேமியா என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஆறுகளுக்கு இடைப்பட்ட நாடு என்பது பொருள். அதன் பெரும்பகுதி இன்று ஈராக்கு நாட்டினுள் அடங்கும். துருக்கியின் கிழக்கு மலைகளிலே பிறக்கும் யூப்பிரத்தீசு, தைகிரிசு என்னும் இரண்டு ஆறுகளும் தென்கிழக்கு நோக்கிப் பாய்ந்து, பாரசீகக் குடாவை அணுகும் இடத்தில் ஒன்றுசேர்கின்றன. வடக்கே, மலையடிவாரத்தை அண்டிய நிலங்களில் மழையை நம்பிக் கோதுமை விளைவிக்கலாம். தெற்கேயோ ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீற்றரையும் எட்டுவதில்லை. கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டும். சில நாட்களில் 50 பாகையையும் தாண்டும். அங்கே ஆற்றுநீரை வாய்க்கால் வழியே கொணராமல் ஒரு பிடி தானியமும் விளையாது.

எகிப்தின் நைல் நதியோடு இவ்வாறுகளை ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். நைல் கோடையின் இறுதியிற் பெருகி, விதைப்புக்கு முன்னர் நிலத்தைக் கழுவி, வண்டலை விட்டுவிட்டு வடிந்துவிடும். உழவனுக்கு அது வேண்டிய வேளையில் வந்த விருந்தாளி. யூப்பிரத்தீசும் தைகிரிசுமோ மலைப்பனி உருகும் சித்திரை, வைகாசி மாதங்களிற் பெருகுகின்றன. அப்பொழுது பயிர் முற்றி அறுவடைக்கு நிற்கும். விதைக்கும் காலத்தில் ஆறு வற்றிக் கிடக்கும். அறுக்கும் காலத்தில் கரைபுரண்டு வரும். எனவே அந்நாட்டு மக்கள் கரை கட்டவும், வாய்க்கால் வெட்டவும், வண்டல் தூர்க்கும்தோறும் தூர்வாரவும் ஓயாது உழைக்க வேண்டியவராயினர். நகரும் எழுத்தும் சட்டமும் முதன்முதலிலே தோன்றிய இடங்களுள் அது ஒன்றாக விளங்கியமைக்கும் அவ்வுழைப்புக்கும் தொடர்பு உண்டு.

ஆனால் நீர் வரும்போது தனியே வருவதில்லை. மலைப்பாறைகளைக் கழுவிவரும் எந்த ஆற்றிலும் சிறிதளவு உப்புக் கரைந்திருக்கும். நாவுக்கு அது புலப்படாது. ஒரு லீற்றர் நீரில் அரைக் கிராம் உப்பு உண்டென்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேயர் நிலத்துக்கு ஓராண்டில் ஒரு மீற்றர் உயரத்துக்கு நீர் பாய்ச்சினால், பாய்ந்த நீர் 10,000 கனமீற்றர். அதனோடு வந்த உப்பு 5,000 கிலோகிராம். நீரைப் பயிர் உறிஞ்சும். மிச்சத்தைச் சூரியன் ஆவியாக்கும். உப்பைப் பயிரும் ஏற்காது, சூரியனும் எடுக்காது. மழை மிகுந்த நாட்டிலே மாரி அதனைக் கழுவிக் கடலிற் சேர்த்துவிடும். வரண்ட நாட்டில் அக்கடமையைச் செய்வார் இல்லை.

இன்னுமோர் ஆபத்தும் உண்டு. ஆண்டாண்டாகப் பாய்ச்சிய நீர் கீழிறங்கி நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துகின்றது. தென் மெசொப்பொத்தேமியாவோ தட்டையான நாடு; நீர் வடிந்தோடச் சரிவு போதாது. நிலத்தடி நீர் மேற்பரப்பை அணுகியதும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மண்ணின் நுண்துளைகள் வழியே உப்புநீர் மேலேறுகின்றது. நீர் ஆவியாகிவிட, உப்பு மாத்திரம் வெண்படையாக நிலத்தின்மேற் பூத்து நிற்கின்றது. நம் நாட்டிலே உவர்நிலத்தைக் கண்டவர்களுக்கு அக்காட்சி புதியதன்று.

பண்டை உழவர் இதனை அறியாதவர் அல்லர். ஓராண்டு விதைத்தால் மறு ஆண்டு நிலத்தைத் தரிசாக விட்டனர். தரிசிலே ஷோக், அகுல் என்று இன்றும் அந்நாட்டு மக்கள் வழங்கும் முட்செடிகள் தாமே முளைக்கும். அவற்றின் வேர்கள் ஆழச் சென்று அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சுவதால் நிலத்தடி நீர்மட்டம் தாழும். உப்பும் மேலேறாது நிற்கும். காண்பவர்க்குக் களையாகத் தோன்றியது உண்மையிலே காவலாக நின்றது. ஆனால் இம்முறை நிலைப்பதற்குப் பாதி நிலம் எப்பொழுதும் சும்மா கிடக்க வேண்டும். வரி கேட்கும் அரசும் பசித்திருக்கும் நகரும் அவ்வளவு பொறுமை காட்டுமா என்பதே கேள்வி.

கி. மு. 2400ஆம் ஆண்டளவில் லகாசு, உம்மா என்னும் இரு நகர அரசுகள் எல்லை நிலம் ஒன்றுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டன. அந்நிலத்துக்கு நீர் ஊட்டிய வாய்க்கால்களை உம்மா மன்னர் மறித்தனர் என்று லகாசின் பதிவுகள் குற்றஞ்சாட்டுகின்றன. லகாசு மன்னன் எந்தெமேனா அதற்கு மாற்றாகத் தைகிரிசு ஆற்றிலிருந்து ஒரு பெரிய கால்வாயை வெட்டுவித்தான். நீர்ப்பஞ்சம் தீர்ந்தது. ஆனால் வேண்டிய அளவுக்கு மேலாகவும் நீர் வரத் தொடங்கியது.

1957ஆம், 1958ஆம் ஆண்டுகளில் அந்நாட்டில் ஆய்வு நடத்திய சிக்காகோப் பல்கலைக்கழக அறிஞர்களாகிய தோர்க்கில்டு யாக்கோப்சனும் றொபேட் அடம்சும் ஆப்பெழுத்துக் களிமண் ஏடுகளிலுள்ள தானியக் கணக்குகளை ஆராய்ந்தனர். கோதுமை உவரைத் தாங்காத பயிர். வாற்கோதுமை ஓரளவு தாங்கும். கி. மு. 3500 அளவில் தெற்கிலே இரண்டும் ஏறக்குறையச் சமமாக விளைந்தன என்றும், எந்தெமேனாவின் காலத்தையொட்டிக் கோதுமை ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது என்றும், கி. மு. 2100 அளவில் நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது என்றும், கி. மு. 1700 அளவில் தெற்கில் முற்றாக மறைந்தது என்றும் அவர்கள் கண்டனர். ஹெக்டேயருக்கு 2,537 லீற்றராக இருந்த விளைச்சல் 1,460 ஆகவும், பின்னர் 897 ஆகவும் வீழ்ந்ததென்றும் கணக்கிட்டனர். 1958ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வு உலகெங்கும் பேசப்பட்டது.

அக்கணக்கை எல்லோரும் ஏற்றுக்கொண்டனர் என்று கூறுவதற்கில்லை. பண்டைய அளவைகளை இன்றைய அளவைகளாக மாற்றியதிலும், ஏடுகளிலுள்ள சொற்களுக்குப் பொருள்கொண்டதிலும் பிழையுண்டு என்று 1985ஆம் ஆண்டில் மார்வின் பவெல் என்னும் அறிஞர் வாதிட்டார். உவரை உழவர் அறிந்திருந்தனர், அதனைக் கழுவவும் அறிந்திருந்தனர் என்பது அவர் கட்சி. எனவே உவர் ஒன்றே சுமேரியரை வீழ்த்தியது என்று முடிவுகட்டுவது அவசரமாகும். ஆயினும் உவர் அந்நாட்டுடன் நாலாயிரம் ஆண்டுகளாகப் போராடி வந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை.

இனி வானத்தின் பங்கைப் பார்ப்போம். ஏறத்தாழ கி. மு. 2334 தொடக்கம் அக்காடு நாட்டு மன்னன் சார்கோனும் அவன் வழிவந்தோரும் தெற்கையும் வடக்கையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தனர். வடக்கிலே, இன்று சிரியா நாட்டின் வடகிழக்கில் உள்ள தெல் லெயிலான் என்னுமிடத்து நகரும் அவர்கள் ஆட்சிக்குட்பட்டது. அது மழையை நம்பிய தானிய நாடு. அவ்விடத்தை அகழ்ந்த ஹார்வி வைஸ் என்னும் தொல்பொருளறிஞரும் அவருடைய குழுவினரும் 1993ஆம் ஆண்டில் வியப்பான செய்தியொன்றை வெளியிட்டனர். கி. மு. 2200 அளவில் அந்நகரம் கைவிடப்பட்டது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அங்கே எவரும் குடியிருக்கவில்லை. அக்காலத்துக்குரிய மண்படை காற்று அள்ளிவந்த புழுதியாயிருந்தது. மண்புழு ஊர்ந்த தடங்கூட அதில் அருகிப்போயிருந்தது. மண்ணில் ஈரம் அற்றுப்போனதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை.

அப்புழுதி எங்கே சென்றது? ஏறத்தாழ 2,000 கிலோமீற்றருக்கு அப்பால், ஓமான் குடாவின் கடலடியிலே துளையிட்டு எடுக்கப்பட்ட சேற்றில், ஏறக்குறைய அதே காலத்துக்குரிய படையிலே மெசொப்பொத்தேமியப் புழுதி திடீரென்று மிகுந்திருப்பதை 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதே காலத்தில் நம் அயல் நாடாகிய இந்தியாவிலும் பருவமழை நலிந்தது. மேகாலய மாநிலத்துக் குகையொன்றில் வளர்ந்த சுண்ணாம்புத் தண்டு அதற்குச் சான்று. அதனை அடிப்படையாகக் கொண்டே, இன்று நாம் வாழும் புவிச்சரிதக் காலப்பிரிவுக்கு மேகாலயன் என்று 2018ஆம் ஆண்டில் அறிஞர் பெயரிட்டனர்.

அக்காடு வீழ்ந்த பின்னர், அதன் வீழ்ச்சிக்குக் காரணம் கூறும் சுமேரிய நெடும்பாட்டு ஒன்று தோன்றியது. மன்னன் நராம்சின் நிப்பூர் நகரத்து என்லில் கோயிலை இடித்தான், ஆகவே தெய்வம் சினந்து வயல்களை வாடச்செய்தது என்பது அதன் கருத்து. ஆனால் நராம்சின் அக்கோயிலைப் புதுக்கிக் கட்டுவித்தவன் என்பதையே அவன் காலத்துப் பதிவுகள் காட்டுகின்றன. மழை பொய்த்தபோது மக்கள் பழியைச் சுமத்த ஒருவனைத் தேடினர், கிடைத்தவன் மன்னன்.

இங்கும் நாம் நிதானம் இழத்தல் ஆகாது. அதே வரட்சியின்போது வடக்கிலிருந்த வேறு சில நகரங்கள் சுருங்கினவேயன்றி அழிந்துவிடவில்லை. தெற்கிலே ஊர் நகரம் தலைதூக்கிக் கி. மு. 2004 அளவில் எலாமியர் கையில் வீழும்வரை செழித்தது. ஒரே வானத்தின் கீழ் ஓர் ஊர் அழிந்தது, மற்றோர் ஊர் தாங்கியது. வடக்கிலே மழை குறையும்போது மேய்ச்சல் மக்கள் தென்னிலங்களை நாடி வந்தனர். அவர்களைத் தடுக்க ஊர் மன்னர் நெடுஞ்சுவர் எழுப்பினர். ஆற்றில் நீர் குறையும்போது உவரைக் கழுவ நீர் போதாது. உண்ணும் வாய்கள் மிகும்போது தரிசு விட நிலம் போதாது. வரட்சியும் உவரும் இவ்வாறு கைகோத்து வருகின்றன. அவ்விரண்டுக்கும் இடையில் மனிதன் எடுக்கும் முடிவே நாட்டின் விதியைத் தீர்க்கின்றது.

அம்முடிவின் விலையை யார் கொடுத்தார் என்பதையும் வரலாறு மறக்கலாகாது. கி. பி. ஒன்பதாம் நூற்றாண்டிலே, அப்பாசியக் கலீபாக்களின் ஆட்சியில், பஸ்ரா நகரை அடுத்த நிலங்கள் உவர் மூடிக் கிடந்தன. அந்த உவர்ப்படையை வெட்டி அகற்றி அடியிலுள்ள நல்ல மண்ணை வெளிக்கொணரும் வேலைக்குக் கிழக்காபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகளைப் பெருநிலக்காரர் கூட்டங்கூட்டமாக ஈடுபடுத்தினர். கொளுத்தும் வெயிலில், சதுப்பின் நடுவே, உப்பை வெட்டிக் குவித்த அம்மக்கள் 869ஆம் ஆண்டிற் கிளர்ந்தெழுந்தனர். ஸன்ஜ் கிளர்ச்சி எனப்படும் அப்போர் 883 வரை, பதினான்கு ஆண்டுகள் நீடித்துப் பேரரசை உலுக்கியது. பஸ்ரா நகரே கொள்ளைபோயிற்று. மண்ணின் நோயை அடிமையின் முதுகிலே ஏற்றித் தீர்த்துவிடலாம் என்று எண்ணியவர்களுக்கு வரலாறு அளித்த விடை அது.

அதன் பின் அரை நூற்றாண்டு சென்றது. பக்தாது நகருக்குக் கிழக்கே, தைகிரிசிலிருந்து பிரிந்து 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடிய நஹ்ரவான் கால்வாய் பாரசீகச் சாசானிய மன்னர் காலத்தில் விரிவுபெற்றது. எண்ணற்ற ஊர்களுக்கு உயிர்நாடியாய் இருந்தது. 937ஆம் ஆண்டளவில், பகைவன் படை வருவதைத் தடுக்கும்பொருட்டு இப்னு ராயிக் என்னும் படைத்தலைவன் அக்கால்வாயின் கரையை உடைப்பித்தான். பகைவனோ வந்து சேர்ந்தான்; பாழானது வயல். 1258இல் பக்தாதை அழித்த மொங்கோலியரே ஈராக்கின் நீர்ப்பாசனத்தைக் கெடுத்தனர் என்று நெடுங்காலம் எழுதிவந்தனர். அந்நிலத்தை அடியடியாக ஆராய்ந்த அடம்ஸ், மொங்கோலியர் வருமுன்னரே அப்பகுதியின் பெரும்பாலான ஊர்கள் வெறிச்சோடிவிட்டன என்று காட்டினார். தூர்வாராத வாய்க்காலும் வடியாத உவரும் வாளுக்கு முன்பே தம் வேலையைச் செய்து முடித்திருந்தன.

இனி நம் காலத்துக்கு வருவோம். நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வெளியிடும் கரியமிலவாயு வளிமண்டலத்தை வெப்பமாக்குகின்றது. இம்முறை வானத்தின் மாற்றத்திலும் மனிதனுக்குப் பங்குண்டு. வெப்பம் ஒரு பாகை ஏறினால், காற்று முன்னிலும் நூற்றுக்கு ஏழு பங்கு வரை கூடுதலான நீராவியைத் தாங்கவல்லதாகின்றது. ஆகவே வயலிலிருந்தும் நீர்த்தேக்கத்திலிருந்தும் கூடுதலான நீரை இழுத்துக்கொள்கின்றது. மலையில் பனியாக விழவேண்டியது மழையாக விழுந்து முன்கூட்டியே ஓடிவிடுகின்றது. கழுவ நீரில்லாத மண்ணில் உவர் ஏறுகின்றது. உவர் ஏறிய மண்ணிற் பயிரும் புல்லும் அருகுகின்றன. மூடுவாரற்ற மண்ணைக் காற்று அள்ளிச் செல்கின்றது. அங்ஙனம் போன மேல்மண்ணை மீண்டும் ஆக்க நூற்றாண்டுகள் வேண்டும்.

அதனோடு அணைகளும் சேர்ந்தன. யூப்பிரத்தீசின் குறுக்கே 1970களில் சிரியாவும் துருக்கியும் பேரணைகளை எழுப்பின. அதாதுர்க் அணையை நிரப்புதற்காக 1990ஆம் ஆண்டின் தொடக்கத்திலே துருக்கி அவ்வாற்றை ஒரு மாத காலம் தடுத்து நிறுத்தியது. ஈராக்கு அரசோ 1991ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னர், தெற்கிலுள்ள சதுப்புநில மக்களை ஒடுக்குதற்காக அச்சதுப்புகளையே வடிகட்டிப் பாழாக்கியது. நாணல் வீடு கட்டி எருமை மேய்த்து வாழ்ந்த பல்லாயிரவர் இடம்பெயர்ந்தனர். 2003இல் மக்களே கரைகளை உடைத்து நீரைத் திரும்ப விட்டனர். 2016இல் அச்சதுப்புகள் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் வரட்சி வருந்தோறும் அவை மீண்டும் சுருங்குகின்றன.

2003 தொடக்கம் 2009 வரையான ஏழு ஆண்டுகளில், இவ்விரு ஆறுகளின் வடிநிலமும் மேற்கு ஈரானும் 144 கனகிலோமீற்றர் நன்னீரை இழந்தன என்று செய்மதி அளவீடுகள் காட்டின. அதில் நூற்றுக்கு அறுபது பங்கு, வரட்சியில் மக்கள் கிணறு தோண்டி இறைத்த நிலத்தடி நீர். 2018ஆம் ஆண்டுக் கோடையில் ஆற்றின் நீர்வரத்துக் குறைந்தபோது கடல்நீர் உட்புகுந்தது, கழிவும் கலந்தது. அந்நீரால் நோயுற்று மருத்துவமனையை நாடிய பஸ்ரா மக்கள் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர். 2021ஆம் ஆண்டில் நீர் போதாமையால் மாரிப் பயிர்ச்செய்கைப் பரப்பைப் பாதியாகக் குறைக்க அரசு முடிவுசெய்தது. எந்தெமேனாவின் வயல்கள் இருந்த அதே நாட்டில், நாலாயிரத்து நானூறு ஆண்டுகளின் பின், அதே இரு பகைவர்: நீரின்மையும் உப்பும்.

நேயர்களே, இது எங்கோ தூரத்து நாட்டின் கதை என்று நாம் விட்டுவிடுதற்கில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் துளைகளில், கனத்த கடல்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கும் மழைநீரே நம் கிணற்றுநீர். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே அளவுக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர்நீர் ஏறும்; ஏறியதை இறக்குவது எளிதன்று. பருவமழை தவறும் ஆண்டுகளில் இதனைக் கமக்காரர் தம் நாவினாலே அறிந்திருக்கின்றனர்.

மெசொப்பொத்தேமிய வரலாறு நமக்குச் சொல்வதென்ன? காலநிலை மாறியதனால் மாத்திரம் அந்நாடு கெட்டது என்று சொல்வது, மனிதனின் குற்றத்தை மறைப்பதாகும். மனிதனின் பேராசையால் மாத்திரம் கெட்டது என்று சொல்வது, வானத்தின் வலிமையை மறப்பதாகும். மழை குறைந்த காலத்தில் தரிசுக்கு நிலம் விட்டவர்களும், வாய்க்காலோடு வடிகாலும் வெட்டியவர்களும், அயலானோடு நீரைப் பங்கிட்டவர்களும் தாங்கினர். அளவைப் புறக்கணித்தவர்கள் வளத்தைத் தம் காலத்தில் உண்டு, உவரைப் பேரர்களுக்கு விட்டுச்சென்றனர். வானத்தை நாம் ஒரு நாளிலே திருத்திவிட இயலாது. ஆனால் நம் மண்ணிலே எவ்வளவு நீர் பாய்ச்சுவது, எவ்வளவை விட்டுவைப்பது என்பது இன்றும் நம் கையில் உள்ள முடிவேயாகும்.